விருது கொடுங்கள், பெற்றோரைக் கேட்டுக் கொடுங்கள்

பினாங்கு மாநிலத் தமிழ்ப்பள்ளிகளின் தலைமையாசிரியர்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர், பள்ளி மேலாளர் வாரியத்தினர் அனைவருக்கும் வணக்கம்.

நம் பள்ளிகளில் விருதுக்குப் பஞ்சமில்லை. மே 16 ஆசிரியர் தினம் வந்தால் ஆசிரியர்களுக்கு, ஆண்டிறுதி வந்தால் மாணவர்களுக்கு, இடையில் அறிவியல் விழா, புத்தாக்கப் போட்டி, கதை சொல்லும் போட்டி, திடல்தடம் என்று வாங்கிய கோப்பைகள் அலுவலகக் கண்ணாடி அலமாரியில் இடம் போதாமல் நெருக்கியடித்து நிற்கின்றன. இருக்கட்டும், வேண்டியதுதான். ஆனால் தினமும் நடக்கும் ஒரு வேலை இருக்கிறது. அது கெட்டால் ஊரே பேசும். நன்றாக நடந்தால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். பள்ளி வீட்டுக்குச் சொல்வதும், வீடு சொல்வதைப் பள்ளி கேட்பதும்தான் அந்த வேலை. அதற்கு நம்மிடம் விருது கிடையாது. ஒன்றை ஏற்படுத்துங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். எப்படி ஏற்படுத்தக் கூடாது என்று சொல்லவும்தான். இரண்டாவது எனக்கு இன்னும் முக்கியம்.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சங்கம் உண்டு. தேசியப் பள்ளி மக்கள் தொடர்புச் சங்கம் என்று தமிழில் சொல்லலாம், 1935இல் தொடங்கியது. பள்ளிகளில் தகவல் பணி செய்கிறவர்களுக்கு ஆண்டுதோறும் விருது தருகிறது. அதில் 'கோல்ட் மெடாலியன்' என்ற விருது ஒரு முழுத் திட்டத்துக்கானது. அதற்கு விண்ணப்பிப்பவர்கள் நான்கு படிகளைக் காட்ட வேண்டும். முதலில் விசாரித்து அறிவது, பிறகு திட்டமிடுவது, பிறகு செய்வது, கடைசியில் பலன் கிடைத்ததா என்று அளந்து பார்ப்பது. அழகாக ஒரு பதாகை அடித்து வாசலில் கட்டினால் மூன்றாவது படி மட்டும்தான் முடிந்தது. கட்டுவதற்கு முன் யாருக்கு என்ன தெரியவில்லை என்று கேட்டீர்களா, கட்டிய பிறகு அவர்களுக்குத் தெரிந்ததா என்று பார்த்தீர்களா என்பது மற்றப் படிகளில் வந்து நிற்கும். பதவிக்கு வந்து ஐந்தாண்டுகூட ஆகாத கல்வி மாவட்டத் தலைவர்களில், தகவல் தொடர்பில் கெட்டிக்காரர்களைத் தனியாக அடையாளம் காட்டும் பழக்கமும் அந்தச் சங்கத்துக்கு உண்டு. பேசத் தெரிந்த ஓர் ஆசிரியரின் தலையில் கட்டிவிடும் வேலையாக அவர்கள் இதைப் பார்க்கவில்லை. தலைமைப் பொறுப்பின் ஒரு பகுதியாகவே பார்க்கிறார்கள்.

அதை அப்படியே இங்கே இறக்க முடியாது, தெரியும். அங்கே பல கல்வி மாவட்டங்களில் இதற்கென்று சம்பளம் வாங்கும் அதிகாரி உண்டு. நம் பள்ளியில் யார் இருக்கிறார்கள்? தலைமையாசிரியர், அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி, கைப்பேசியில் கைதேர்ந்த ஓர் இளம் ஆசிரியை. மாணவர் 150க்குக் கீழே உள்ள சிறிய பள்ளி என்றால் ஓர் ஆசிரியரே நான்கு பொறுப்புகளைச் சுமந்துகொண்டிருப்பார். ஆனால் அந்த நான்கு படிகளில் முதலாவதற்கும் கடைசிக்கும் காசு வேண்டாம், கணினி வேண்டாம். கேட்க வேண்டும், அவ்வளவுதான். நாம் விட்டுவிடுவதும் அந்த இரண்டைத்தான்.

நான் ஒரு தமிழ் நாளிதழில் பல ஆண்டுகள் பள்ளிச் செய்திகளைத் திருத்திப் பக்கத்தில் வைத்தவன். வந்து குவிந்த செய்திகளுக்கு ஓர் அச்சு இருந்தது. முதல் பத்தியில் யார் சிறப்பு வருகை புரிந்தார், இரண்டாவதில் யார் மாலை அணிவித்தார், மூன்றாவதில் எவ்வளவு மானியம் அறிவித்தார். முதலாம் ஆண்டுப் பதிவு எப்போது, பாலர் வகுப்பில் இடம் இருக்கிறதா என்ற செய்தி, இருந்தால், கடைசி வரியில் இருக்கும். பக்கத்தில் இடம் போதாவிட்டால் கடைசிப் பத்திதான் முதலில் வெட்டுப்படும். இது எங்கள் தொழிலின் பாலபாடம். இப்போது எல்லாம் பேஸ்புக்குக்குப் போய்விட்டது. அங்கே வெட்டுவதற்கு ஆசிரியர் குழு இல்லை, வாசகர்களே வெட்டிக்கொள்கிறார்கள். படத்தைப் பார்த்து ஒரு கைதட்டல் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆகவே இந்த விருதை யாராவது 'சிறந்த பள்ளி முகநூல் பக்கம்' என்று ஆக்கிவிடுவார்களோ என்பதுதான் என் முதல் பயம். பளபளப்பான ஆண்டுமலர் இரண்டாவது பயம்.

ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். பக்கத்து வீட்டுப் பெண் கொண்டுவந்து நீட்டினார். மேலே பள்ளிச் சின்னம், முகவரி, கோப்பு எண். 'மேற்கண்ட விவகாரம் தொடர்பில்' என்ற பாணியில் மலாயில் தொடக்கம். இரண்டாம் பத்தியில் பள்ளியின் நோக்கம். மூன்றாம் பத்தியில் பெற்றோரின் ஒத்துழைப்பு பெரிதும் மதிக்கப்படுகிறது. நான்காம் பத்தியில், ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவில், அடையாள அட்டை நகலும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகலும் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று இருந்தது. எந்த வெள்ளிக்கிழமை என்று இல்லை. கடிதத்தின் தேதி திங்கள். பிள்ளையின் பையிலிருந்து அது வெளியே வந்தது வியாழன் இரவு. அந்தப் பெண் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து, பாலத்து நெரிசலில் நின்று வந்தவர். "இதுல என்னதான் கேக்குறாங்க அங்கிள்?" என்றார். அவருக்கு மலாய் தெரியாது என்று நினைக்காதீர்கள். ஐந்தாம் படிவம் வரை படித்தவர், என்னைவிட நன்றாகவே பேசுவார். கடிதம் அவருக்காக எழுதப்படவில்லை. நாளைக்கு யாராவது அதிகாரி வந்து கோப்பைத் திறந்து பார்த்தால் இருக்க வேண்டுமே என்று எழுதப்பட்டது.

வேறொரு பள்ளி. வாசலில் காவலுக்கு இருக்கும் ஜாகாவின் குடிலுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை. நீல மையில், கொஞ்சம் சாய்ந்த கையெழுத்தில், நான் பார்த்த அன்று இப்படி இருந்தது: 'நாளை புதன். விளையாட்டு உடை. தண்ணீர் போத்தல். 12.30க்கு வீடு. வேன்காரர்களுக்குச் சொல்லியாச்சு.'

அந்தக் கடைசி வரியை எழுதியவர் யாரோ, விருதை அவர் கையில் கொடுக்கலாம். 12.30க்கு விட்டுவிடுவார்கள் என்று படித்ததும் ஒரு தாய்க்கு வரும் அடுத்த கவலை என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தத் தாய் கேட்பதற்கு முன்பே பதில் பலகையில் இருக்கிறது. நம் தெருக்களில் பள்ளியின் உண்மையான மக்கள் தொடர்பு அதிகாரி வேன் அண்ணன்தான் என்பதை ஒப்புக்கொண்ட ஒரே பள்ளி அறிவிப்பும் நான் பார்த்தவரையில் இதுதான்.

சாதாரண நாளில் இது சௌகரியம் சம்பந்தப்பட்ட விஷயம். எல்லா நாளும் சாதாரண நாள் இல்லையே. 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு தொடங்கிய வெள்ளத்தைப் பினாங்கில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2019 செப்டம்பரில் புகைமூட்டம் வந்து பள்ளிகளை மூடினார்கள். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 200ஐத் தொட்டால் பள்ளியை மூட வேண்டும் என்பது விதி. விதி நல்ல விதிதான். ஆனால் குறியீடு 200ஐத் தொட்ட நேரத்துக்கும், காலை ஐந்தரைக்குப் பிள்ளையை எழுப்புகிற பாட்டிக்கு விஷயம் தெரிகிற நேரத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள். அமைச்சு, மாநிலக் கல்வி இலாகா, மாவட்டக் கல்வி அலுவலகம், தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், அப்புறம் பெற்றோரின் வாட்ஸ்அப் குழு. ஒவ்வொரு படியிலும் ஒருவர் மேலே இருந்து வந்ததை அப்படியே கீழே தள்ளுகிறார். கடைசியில் வந்து சேர்வது மலாய்க் கடிதத்தின் மங்கலான படம். அதற்கு மேலே இரண்டு காலை வணக்கம், கீழே ஒரு பிறந்தநாள் கேக். 'நாளை பள்ளி இல்லை' என்ற மூன்று சொற்களைத் தமிழில் யாரும் தட்டுவதில்லை. அல்லது தட்டுகிறார்கள், இரவு பதினொன்றே காலுக்கு.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது ஒரே வாரத்தில் பள்ளி முழுவதும் கைப்பேசிக்குள் போனது. வேறு வழியும் இல்லை. கட்டுப்பாடு போய் ஆண்டுகள் ஆகிவிட்டன, பள்ளியின் தகவல் மட்டும் இன்னும் அதற்குள்ளேயே இருக்கிறது. மூன்று பிள்ளைகள், ஒரு கைப்பேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்ற வீடுகள் நம் பள்ளிகளில் எத்தனை? வகுப்பாசிரியர்களைக் கேளுங்கள், பெயரோடு சொல்வார்கள். அந்தப் பெயர்கள் கிராணியின் மேசையில் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தால் போதும். அவர்களுக்கு மட்டும் வீட்டுக்கு அழைத்துச் சொல்லலாம், அல்லது பிள்ளையின் கையில் ஒரு சீட்டு. விசாரித்து அறிவது என்று அமெரிக்கச் சங்கம் சொல்லும் முதல் படி நம்மூரில் இவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ரத்தானது. அதுவரை எத்தனை 'ஏ' என்று கேட்டுப் பழகிய பெற்றோர், இப்போது வகுப்பறை மதிப்பீட்டு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறார்கள். அடைவுநிலை 1 முதல் 6 வரை. பிள்ளைக்குக் கணிதத்தில் 3. சந்தோஷப்படுவதா, திட்டுவதா? 3 என்பது குறைந்தபட்சம் எட்ட வேண்டிய நிலை. பிள்ளைக்கு அடிப்படை வந்துவிட்டது, இன்னும் மேலே போக வேண்டும். இதை ஒரு பத்து நிமிடம் உட்கார வைத்துச் சொன்னால் வீட்டில் ஓர் அடி குறையும், அல்லது ஒரு பொய்யான நிம்மதி குறையும். அறிக்கை கொடுக்கும் நாளில் கையெழுத்து வாங்கிவிட்டு அனுப்பிவிடும் பள்ளிக்கும், அந்தப் பத்து நிமிடத்தை எல்லோருக்கும் ஒதுக்கும் பள்ளிக்கும் இன்று ஒரே மதிப்புதான். இந்த விருது பிறந்தால் வித்தியாசம் தெரியட்டும்.

இனி, மனம் பொறுக்காத ஒரு விஷயம். காலணி வழங்கும் படம், அரிசி மூட்டை வழங்கும் படம், பள்ளிப்பை வழங்கும் படம். வரிசையாகப் பிள்ளைகள், நடுவில் பிரமுகர், ஆளுக்கொரு பெட்டியைப் பிடித்துக்கொண்டு நேராகக் கேமராவைப் பார்க்க வேண்டும். கொடுப்பவருக்கு நன்றி சொல்ல வேண்டியதுதான், மறுக்கவில்லை. அந்த முகங்களைப் பொதுவில் போடுவது எதற்கு? நான்காம் ஆண்டுப் பையனுக்கு விவரம் தெரியும். இலவசக் காலணி வாங்கியவன் அவன் என்று வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்த பிறகு, அந்தக் காலணியைப் போட்டு நடப்பது அவ்வளவு சுலபம் இல்லை. படம் இணையத்தில் கிடக்கும், அவனுக்கு இருபது வயதாகும்போதும் கிடக்கும். உதவி பெறும் பிள்ளையின் முகத்தை வெளியிட்ட பள்ளிக்கு அந்த ஆண்டு விருதுக்குத் தகுதி இல்லை என்று முதல் விதியாகவே எழுதிவிடுங்கள். மற்ற விதிகளில் விட்டுக்கொடுக்கலாம், இதில் கூடாது. பெட்டிகளைப் படம் எடுங்கள், நன்கொடையாளரைப் படம் எடுங்கள், பிள்ளைகள் முதுகைக் காட்டி நிற்கட்டும்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? விண்ணப்பப் படிவம் வேண்டாம். வண்ணப் பிரிப்பட்டைகள் வைத்த தடிமனான கோப்பு வேண்டவே வேண்டாம். கோப்பு கேட்டால் கோப்பு செய்வதில் சிறந்த பள்ளி வெல்லும். அதைச் செய்வதும் அதே ஆசிரியைதான், இரவில் உட்கார்ந்து. ஆசிரியர்களின் வேலைப்பளுவைக் குறைக்க வேண்டும் என்று அமைச்சே சொல்லிக்கொண்டிருக்கும் காலத்தில் இன்னொரு கோப்பைத் தூக்கி அவர்கள் மேசையில் வைக்காதீர்கள்.

அதற்குப் பதிலாகத் தொலைபேசியை எடுங்கள். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள். பள்ளிக்குப் பத்துப் பெற்றோர் என்றால் 280 அழைப்புகள், நான்கைந்து பேர் சேர்ந்தால் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். வருகைப் பதிவேட்டிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பெயர் எடுக்க வேண்டும். பள்ளியே பொறுக்கிக் கொடுத்தால் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையினர்தான் வருவார்கள். எண்ணை வெளியாரிடம் கொடுப்பதற்கு முன் பெற்றோரிடம் பள்ளி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும். கேள்விகள் மூன்று போதும். அடுத்த வாரம் பள்ளியில் என்ன நடக்கிறது என்று தெரியுமா? இந்தத் தவணையில் உங்கள் பிள்ளைக்கு எதில் சிரமம் என்று யாராவது சொன்னார்களா? ஒரு குறை என்றால் யாரிடம் சொல்வீர்கள், கடைசியாகச் சொன்னபோது என்ன நடந்தது?

மூன்றாவது கேள்விக்குத்தான் அதிக மதிப்பெண் வைப்பேன். நாம் சொல்வதில் பரவாயில்லை, கேட்பதில்தான் மோசம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு மணி நேரம் உரைகள். 'பொது' என்ற கடைசி அங்கம் வரும்போது பிள்ளைகள் சிணுங்க ஆரம்பித்திருப்பார்கள், மீ கோரெங் வாசனை வந்திருக்கும். ஒருவர் எழுந்து கழிப்பறைக் கதவைப் பற்றிக் கேட்டால் 'கவனத்தில் கொள்ளப்படும்'. அடுத்த ஆண்டு அதே கதவு, அதே கேள்வி. கேட்டவருக்கு ஒரு வாரத்துக்குள் 'மாவட்ட அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறோம், பணம் இன்னும் வரவில்லை' என்று ஒரு வரி போயிருந்தால் போதும், கதவு உடைந்தே இருந்தாலும் அவர் பள்ளியின் பக்கம் நின்றிருப்பார்.

விருதை யாருக்குக் கொடுப்பது என்பதிலும் எனக்கு ஒரு பிடிவாதம். பள்ளிக்குக் கேடயம், தலைமையாசிரியருக்குப் பொன்னாடை என்று முடித்துவிடாதீர்கள். அந்தப் பலகையில் எழுதும் கையைத் தேடுங்கள். கிராணியாக இருக்கலாம், ஜாகாவாக இருக்கலாம், இரண்டாம் ஆண்டு வகுப்பாசிரியையாக இருக்கலாம். அவரை மேடைக்கு அழையுங்கள். கூடவே பள்ளிக்கு ஓர் ஆண்டுக்கான அச்சு மையும் தாளும், அலுவலகக் கைப்பேசிக்கான கட்டணமும் கொடுத்தால் கேடயத்தைவிட உபயோகமாக இருக்கும். அலுவலகக் கைப்பேசி என்று சொன்னதில் இன்னொரு காரணமும் உண்டு. ஆசிரியையின் சொந்த எண்ணுக்கு இரவு பத்து மணிக்கு 'டீச்சர், நாளைக்கு என்ன கலர் சட்டை?' என்று வருவது நிற்க வேண்டும். ஆசிரியர்களைத் தூங்க விடாமல் நல்ல பெயர் வாங்கும் பள்ளிக்கு இந்த விருது போகக் கூடாது.

சிறிய பள்ளியையும் பெரிய பள்ளியையும் ஒரே தராசில் வைக்காதீர்கள், இரண்டு பிரிவு வையுங்கள். சிறிய பள்ளிகளுக்கு இது இன்னும் அவசரம். பட்டர்வொர்த்திலோ நிபோங் தெபாலிலோ பிள்ளையை எந்தப் பள்ளியில் போடலாம் என்று யோசிக்கும் ஓர் இளம் அப்பாவுக்கு, வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் தமிழ்ப்பள்ளியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பத்து வருடத்துக்கு முன் மாமா சொன்னதுதான். அங்கே பாலர் வகுப்பு இருக்கிறது, வகுப்பில் பதினெட்டுப் பேர்தான், ஆசிரியர் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்று அவரிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை. மாணவர் எண்ணிக்கை சரிவதைப் பற்றி மேடை மேடையாகக் கவலைப்படுகிறோம். மேடைக்கு வருபவர்கள் ஏற்கெனவே பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பியவர்கள்.

பினாங்கு ஏன் முதலில் செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். இந்த நாட்டில் தமிழ் வகுப்பு 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கியது என்று 2016இல் 200 ஆண்டு விழா எடுத்தோமே, அந்தப் பெருமை ஒரு காரணம். அதைவிட நடைமுறைக் காரணம், 28 என்பது கைக்கு அடங்கும் எண். எல்லாப் பள்ளியின் தலைமையாசிரியரும் ஒரே அறையில் உட்காரலாம். இங்கே சரியாக வந்தால் கோலாலம்பூர்க்காரர்கள் தாமாகவே எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்த ஆசிரியர் தினத்துக்கு முன் ஒரு கூட்டம் போடுங்கள். அழைப்பிதழில் தேதி, நேரம், இடம் முதல் வரியில் இருக்கட்டும். பெற்றோரை அழைக்கும் வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர்களையும் கேட்டுப் பார்க்கிறேன். இரவு எட்டு மணிக்கு மேல் அழைக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். பகல் ஷிப்ட்காரர்கள் அதற்கு முன் வீடு வந்து சேர மாட்டார்கள்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த்திலிருந்து ஒரு முன்னாள் பத்திரிகையாளர்